கோலுக்குள் நிற்க ஒரு விண்ணப்பம்

“உனக்கு ஓடத் தெரியாதெண்டுதான் பிள்ளை, கோலுக்கை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

என் முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா சொன்னது இது. அப்போது எனக்குப் பத்து வயது. பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கழகத்தில் கோல் காக்க ஆளில்லை என்றபோது நானாகவே கையைத் தூக்கியிருந்தேன். அதை வீட்டில் சொல்லவில்லை.

பெரியப்பா பகிடியாகச் சொன்னதை அப்பா பகிடியாக எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் பனியில் பறக்க, தன் மகளை மட்டும் ஒரு வலைக்கு முன்னால் ஒதுக்கிவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. அகதியாக வந்த நாள்முதல் அவர் அறிந்த வழி ஒன்றுதான்: இந்த நாட்டில் எதையும் எழுத்தில், ‘அன்ராக்’ என்னும் விண்ணப்பமாகக் கேட்க வேண்டும்.

“பயிற்சியாளருக்கு ஒரு அன்ராக் எழுது. என்ரை பிள்ளையையும் மற்றப் பிள்ளையள் மாதிரி ஓட விடச்சொல்லி எழுது.”

அப்பாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு போரில் நின்றுபோனது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் என்பதால் கடிதங்களெல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பாவுக்கு வாசிக்க வராது என்ற துணிச்சலில், அந்தத் தலைக்கனத்தோடு ஜெர்மனில் அவர் பெயரில் இப்படி எழுதினேன்: என் மகளைக் கோலிலேயே நிற்க விடுங்கள். மற்றவர்கள் மாறி மாறி வெளியே போய் உட்காருகிறார்கள். அவள் மட்டும்தான் முழு ஆட்டமும் பனியில் நிற்கிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

“வடிவா எழுதினனியோ?”

“ஓம் அப்பா.”

முத்திரை இல்லை என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கையெழுத்து வைத்து அனுப்பினார். அந்த இரண்டு நாளும் நான் அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயிற்சியன்று பயிற்சியாளர் அப்பாவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அப்பா சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறார் என்று நினைத்து நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். பிறகு அப்பா என் முன்னால் முழந்தாளிட்டுக் கால்காப்புகளின் வார்களை இறுக்கினார். நான் வளர்ந்து, பெடியன்களோடு ஆடிய அணியிலிருந்து பெண்கள் அணிக்குப் போகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இறுக்கினார். என் திறமையை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று பெரியப்பா இப்போது எல்லோருக்கும் சொல்கிறார்.

போன மாதம் மியூனிக்கிலுள்ள ஒரு கழகம் கோல் காக்க என்னைக் கேட்டது. பிறப்புச் சான்றிதழுக்காக அப்பாவின் கோப்பைத் திறந்தேன். அகதி விண்ணப்பத்துக்கும் குடியுரிமைக் கடிதத்துக்கும் நடுவில், நான் பத்து வயதில் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. ஒவ்வொரு ஜெர்மன் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ்ப் பொருள், அப்பாவின் கையெழுத்தில். சில இடங்களில் அழித்துத் திருத்தியிருந்தார். ‘பிடித்திருக்கிறது’ என்பதன் கீழே ஒரு கோடு. கடிதத்தின் அடியில் ஒப்பம் இல்லை. நகலெடுத்து, முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்து வைத்திருக்கிறார்.

மியூனிக் கழகம் அனுப்பிய ஒப்பந்தத்தில் நானும் முழுவதையும் வாசித்துவிட்டே கையெழுத்து வைத்தேன். அதை நகலெடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதி, அதே கோப்பில் அந்தக் கடிதத்துக்கு அடுத்ததாக வைத்துவிட்டேன்.