ஒதுங்கும் பெட்டி

எந்த வீட்டுக்குள் வைஃபை சரிபார்க்க நுழைந்தாலும் வைஃபைக்காரர் முதலில் வைஃபை பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "பாவம், கொதிக்குதே. மூச்சு விட வேணாமா?" என்று அலமாரியில் துணிகளுக்கு நடுவே திணித்திருப்பதை வெளியே எடுத்து வைப்பார். வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வைஃபைக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வைஃபை அலை காற்றில் போகும் பாதைகள் கொஞ்சம்தான், பெட்டிகளோ வீட்டுக்கு ஒன்று. பெட்டி தானே அக்கம்பக்கம் காது கொடுத்துக் கேட்டு, நெரிசலில்லாத பாதைக்கு மாறிக்கொள்ளும். அவர் அதை அப்படியே விட்டுவிடுவார்.

"அடுத்த வீடு எப்படியோ போகட்டும். எனக்கு மட்டும் அகலமா ஒரு பாதையில நிறுத்தி வைங்க" என்று கேட்பவர்கள் உண்டு.

"நடுரோட்டுல பாய் விரிச்சுப் படுத்தா தூக்கமா சார் வரும்?" என்று சிரித்துவிட்டு, பெட்டியின் அமைப்பை 'தானாக' என்ற இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். ஆண்டவன் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த காற்று என்பது அவர் எண்ணம். "ஒதுங்கிப் போனா நாம என்ன தேஞ்சா போயிடுவோம்?" என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு.

அவருக்கும் தம்பிக்கும் அப்பா விட்டுப்போன வீட்டில் பாகம் பிரித்து நடுச்சுவர் எழுப்பியபோது, ஜன்னல் இருந்த பக்கத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவர் ஒதுங்கினார். இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு தம்பி வேறு ஆளைக் கூப்பிட்டுத் தன் பெட்டியை அகலப் பாதையில், முழுச் சக்தியில், அசையாமல் நிறுத்தினான். மிச்சப் பாதைகளில் தெருவே நெரிந்தது. அண்ணன் வீட்டுப் பெட்டி நிற்க இடமின்றிப் பாதைக்குப் பாதை தாவிக்கொண்டே இருந்தது.

அவர் மனைவிக்கு, கம்பெனி கொடுத்த, வைஃபையில் மட்டும் ஓடும் போனில் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. பெட்டி தாவுகிற நொடியில் அவள் பேச்சு பாதியில் அறுந்துவிடும்.

"இன்னொரு தடவ கட் ஆனா வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். "இந்தப் பெட்டியும் உங்கள மாதிரியே இருக்குங்க. யாரு இடிச்சாலும் ஒதுங்குது."

தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கொஞ்சம் மாத்தி வைடா. உங்க அண்ணி வேலை போயிடும்."

"உன் பெட்டிக்கு முதுகெலும்பு இல்லன்னா நான் என்ன பண்ண முடியும்? ஊருக்கெல்லாம் நீதானே வைஃபைக்காரன்!" கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை, நான்கு ஆன்டெனாக் கொம்பு வைத்த பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நடுச்சுவரை ஒட்டி வைத்தார். எந்த வீட்டிலும் செய்யாததைச் செய்தார். 'தானாக' என்பதை நீக்கி, தம்பியின் பாதைமேல் பாதி ஏறி நிற்கும்படி, முழுச் சக்தியில், அசையாமல் நிறுத்தினார்.

"சொல்லுங்க சார், நல்லா கேக்குது" என்று மனைவியின் குரல் தடங்கலில்லாமல் ஓடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மகளின் குரல் அவர் காதில் விழுந்தது.

"அப்பா, டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. சத்தமே வரல. பெரியப்பாவக் கூப்பிடட்டுமா? அவர் தொட்டா சரியாயிடும்."

"வேணாம். பேசாம உக்காரு."

வைஃபைக்காரர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொதித்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.