உப்புப் பூக்கும் சுவர்

சோமனூரில் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் ஒரு சுவர், மழைக்காலம் வந்தால் போதும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். என்ன பெயின்ட் அடித்தாலும் அது அடங்குவதில்லை. வருகிறவர்கள் கேட்டால் அம்மா தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிடுவாள். பாவம் தண்ணீர். உண்மையில் அது சித்தியின் மணல்.

சித்தி அம்மாவின் தங்கை. கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கடற்கரை மணலில் இயற்கையாகவே எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊரில் கடல் மணலைப் படிக்கிற சித்தி வேறு யாருக்கு இருந்தாள்? அவளை வைத்து நான் பள்ளிக்கூடத்தில் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோடையில் அவள் கன்னியாகுமரிப் பக்கம் போய், கொளுத்துகிற வெயிலில் கரையோரமாகவே நடந்து, ஊருக்கு ஊர் மணல் அள்ளி, தனித்தனி கவரில் கட்டி, எந்த இடத்து மணல் என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவந்தாள். முகம் கறுத்து, செருப்பு அறுந்து வந்து இறங்கியவளைப் பார்த்து அப்பா சிரித்தார். “ஏனம்மணி, ஊடு கட்ட மணலில்லாம நாங்க அலையறோம். நீ மூட்டை மூட்டையா கொண்டாந்திருக்கறயே.”

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரம்தான் அவளுக்கு ஆய்வுக்கூடம். ஒவ்வொரு கவரையும் தனியாகக் காயவைத்து, தனியாகச் சலித்து, அதே கவரில் திரும்பக் கட்டினாள். அடுத்து அதை டப்பாவில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் வைக்க வேண்டுமாம். மணலிலிருந்து வருகிற வாயு வெளியே போகாமல் உள்ளேயே நிலைகொள்ள வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் ஈயச் சுவருக்குள் இருக்கும் மெஷினில் வைத்து அளக்க முடியும். அந்த மெஷினுக்கு ஏகப்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். சித்தியின் முறை ஆடியில் வந்தது. விட்டால் அடுத்த வருஷம்தான். இதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

ஒருநாள் ஒரு கவரில் மின்னிய கறுப்பு மணலைக் கிள்ளி இன்னொரு கவரில் போடப் போனேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு, ஒரு ஊரு மணலு இன்னொரு ஊரு மணலோட கலந்துதுன்னா சித்தி அலைஞ்சதெல்லாம் போச்சு.” அன்றிலிருந்து அந்த மூலையைத் தாண்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போவேன். தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மாடியில் குளியலறை கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த சித்தியோடு நானும் மாடி ஏறினேன். கொத்தனார் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“வாங்க அம்மணி. பூச்சு மணலு தீந்துபோச்சு, டெம்போவும் வரலீங்க. நல்லவேளை, நைசா சலிச்சுக் கட்டி வெச்சிருந்தீங்க. பாருங்க, சொவரு கண்ணாடியாட்டம் வந்திருக்குது.”

நிஜமாகவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. காலிக் கவர்களை ஒழுங்காக மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லையும் வைத்திருந்தார் மனுஷன். சித்தி பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் அப்பா மேலே வந்துவிட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. தப்பான சுவரில் துளை போட்ட எலக்ட்ரீஷியனைப் போன மாதம்தான் பாதி வேலையில் விரட்டியிருந்தார். கவர்களைப் பார்த்ததும் அவர் குரல் ஏறியது. “இது காலேஜு மணலாச்சே. யாரு எடுக்கச் சொன்னது?”

கொத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த பூச்சுக் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சித்தியைப் பார்த்தார்.

“வேல முடிஞ்ச மணலுங்க மாமா” என்றாள் சித்தி. “கொட்டறதுக்குத்தான் வெச்சிருந்தேன். அண்ணன் அதையும் வீணாக்காம பூசிப்போட்டாரு.”

அப்பா உடனே தணிந்து, எல்லோருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொட்டுகிற மணலுக்கா அன்றைக்கு என் கையைப் பிடித்துத் தடுத்தாள்? மூச்சடக்கி நடந்ததெல்லாம் வீண். இரண்டு நாள் நான் அவளோடு சரியாகவே பேசவில்லை.

அம்மாவுக்கு வேறு பயம், சுவரிலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று. சித்தி கல்லூரியில் கேட்டு, கதிரியக்கம் இருந்தால் டிக் டிக்கென்று காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தாள். தறிச் சத்தத்தில் அது போடும் டிக் டிக் கேட்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தோம். மற்றச் சுவர்களில் சோம்பேறியாக டிக் டிக் என்றது, அந்தச் சுவரில் கொஞ்சம் சுறுசுறுப்பானது. அப்புறம் சமையல்மேடைக் கருங்கல்லில் வைத்தாள். அங்கேயும் அதே சுறுசுறுப்பு. “பயமே வேண்டாங்க்கா, நம்ம கல்லுலயும் இதேதான் இருக்குது” என்றாள். அம்மா நிம்மதியாக அடுப்பைப் பற்றவைத்தாள். நான் கோபத்தை மறந்து, கேட்டது போதாதென்று சுவரில் காதை வைத்துப் பார்த்தேன்.

இப்போது நானும் இயற்பியல்தான் படிக்கிறேன். மணலை ஏன் ஒரு மாதம் மூடி வைக்கிறார்கள் என்ற பாடம் நடந்த அன்று, வகுப்பிலேயே எனக்குச் சுரீர் என்றது. டப்பாவுக்கே போகாத மணல் எப்படி வேலை முடிந்த மணலாகும்? எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு கோடை முழுக்க அலைந்த உழைப்பு சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்க, எதிரே நிற்கிற மனுஷனின் முகம் வாடக்கூடாது என்று ஒரு நொடியில் முடிவெடுத்திருக்கிறாள். அவ்வளவு பெரிய மனசை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. கொத்தனாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. எப்போது வந்தாலும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, “இப்படி மணலு அப்பறம் கெடைக்கவே இல்லீங்க” என்பார்.

சுவர் பூசியதற்கு அடுத்த கோடையில் சித்தி மறுபடியும் காலிக் கவர்களோடு நாகர்கோவில் ரயில் ஏறினாள். வழியனுப்பப் போன நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். “உனக்கு மட்டும் ரெண்டு தடவ கடலா?” என்று கேட்டேன். சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, “ஆமா கண்ணு, எனக்குக் குடுத்து வெச்சிருக்குது” என்று சிரித்தாள். அதை நான் அப்படியே நம்பி, வீடு வரும்வரை பொறாமையில் பொருமிக்கொண்டே வந்தேன்.