தூக்க வேண்டாம் என்ற கருத்தக்கண்ணன்

தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டி பேருந்து நிறுத்தத்திலிருந்து நாற்பதடி தள்ளி, பழுதான மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் கருத்தக்கண்ணன். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. அக்குள் கட்டைகளை ஊன்றி நடந்து நடந்து தோளும் புஜமும் மட்டும் இரண்டு ஆளுக்குரிய பருமனாயின.

2007-இல் அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதுவரை ஊரில் அவரைத் தூக்காத ஆள் குறைவு. பஸ் வந்து நின்றால், கேட்கிறாரோ இல்லையோ, யாராவது இடுப்பில் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். தங்கை கல்யாணத்தில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "சாமி புறப்பாடு மாதிரில்ல இருக்கு!" என்றான் ஒருவன். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று பந்தியில் மட்டும் உட்காரவில்லை.

2005 ஆகஸ்டில் தேக்கடிப் பக்கம் ஒரு விடுதிக்கு மோட்டார் கட்டப் போனவர், அங்கே கழித்துப் போட்டிருந்த கயாக் படகு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பதினாறடி நீளம், இரண்டடி அகலம், இருபத்தெட்டு கிலோ எடை. ஓர் ஆள் உட்கார்ந்தபடியே, இருமுனைத் துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி வலித்து ஓட்டுவது. கால் தேவைப்படாத வண்டி என்று அவர் அதைச் சொல்வார். ஊர்க் கண்மாயில் பதினேழு மாதம் பழகினார். பிறகு, மண்டபத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலில் போவதென்று முடிவு செய்தார். கரையோரமாக 268 கிலோமீட்டர்.

2007 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. திராட்சை ஏற்றும் மினி வேனில் படகைக் கட்டி, உத்தமபாளையம் சம்சுதீன் அவரை மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்தார். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள்.

"ஏலே சம்சு, கன்னியாகுமரி வரைக்கும் ஒருத்தன் கையும் என்னையத் தூக்கக் கூடாது. தூக்கிட்டான்னா அன்னைக்கே உனக்குப் போன் போட்டுருவேன். வந்து படகை ஏத்திக்க."

"முங்கிப் போனியன்னா?"

"முங்கினா மீனு தூக்கட்டும்."

"கஞ்சி குடுத்தாகன்னா?"

"வாங்கிக் குடிப்பேன். கஞ்சியா என்னையத் தூக்குது?"

முதல் ஒன்பது நாளும் சொன்னபடியே நடந்தது. அந்தப் பக்கத்துக் கடலில் அலை குறைவு. முழங்காலளவு நீரிலேயே படகிலிருந்து நழுவி, படகுக் கயிற்றை இடுப்பில் கட்டி, கைகளை ஊன்றித் தவழ்ந்து கரையேறுவார். முழங்கை தோலுரிந்தது. கீழக்கரை அருகே ஓர் அம்மாள் வேப்பெண்ணெய் கொடுத்துவிட்டு, அவரே தடவிக்கொள்ளட்டும் என்று திரும்பி நின்றார். வேம்பார்ப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் தம் வள்ளத்தை முன்னால் விட்டு, பாறைகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் வழிகாட்டி, பேர்கூடச் சொல்லாமல் திரும்பிப் போனார். இவற்றையெல்லாம் கருத்தக்கண்ணன் மனம் நிறைய ஏற்றுக்கொண்டார். தூக்க வந்தவர்களை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு விலக்கினார்.

பத்தாம் நாள், மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். மாலை நான்கரை மணிக்குக் கரையை நெருங்கியபோது ஆளுயர அலை ஒன்று படகைக் குறுக்கே திருப்பி, தண்ணீரை உள்ளே கொட்டியது. அடுத்த அலைக்குள் ஐந்து மீனவர்கள் ஓடிவந்து, படகை அவரோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

"இறக்குங்கய்யா! இறக்கி விடுங்க!"

"இரியும்வே, அலை வருது" என்றார் முன்னால் பிடித்திருந்தவர். அவர் பெயர் தொம்மை. காய்ந்த மணலுக்குப் போய்த்தான் இறக்கினார்கள்.

"யாருய்யா உங்கள என்னையத் தூக்கச் சொன்னது?"

தொம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உம்ம எவன்வே தூக்குனான்? படகத் தூக்குனோம். நீரு உள்ள இருந்தீரு." மற்ற நால்வரும் சிரித்தார்கள். "எம் படகு வந்தாலும் நாலு பேருதான் புடிக்கணும். இந்தக் கரையில ஒத்தையில ஏறுன படகு கெடையாது."

கருத்தக்கண்ணன் இறங்கி, படகைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். கை பட்டுவிட்டது, சொன்ன சொல் சொன்னதுதான். விடிந்ததும், படகில் கட்டி வந்த கட்டைகளை ஊன்றி, சம்சுதீனை வரச்சொல்லத் தொலைபேசிக் கடைக்குக் கிளம்பினார்.

கடலில் வளைத்துப் போட்ட கரைவலையை, ஊரே கூடிக் கரையில் நின்று கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்தது. "ஓய் தேனிக்காரரே!" என்று தொம்மை கத்தினார். "எங்கவே போறீரு? இங்க கயிறு சுருட்ட ஆள் இல்ல."

"காலில்லாத ஆளுய்யா நானு!"

"கயித்தக் காலாலயா சுருட்டுவாவ உம்ம ஊர்ல?"

மணலில் உட்கார்ந்தார். இழுபட்டு வரும் ஈரக் கயிற்றை வாங்கி வாங்கிச் சுருட்டினார். இருபத்திரண்டு வருடம் செப்புக் கம்பி சுற்றிய கைகள் அவை. சுற்றுமேல் சுற்றாக, ஒரு விரல் பிசகாமல் அடுக்கின. "இது கயிறா, கோலமாவே?" என்று இழுப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டேமுக்கால் மணி நேரத்தில் வலை கரை சேர்ந்தது.

கித்தேரியாள் என்ற பெண்மணி மீனைக் கூறு வைத்துக்கொண்டு வந்தார். மொத்தம் முப்பத்தொரு கூறு. அதில் ஒன்று கருத்தக்கண்ணன் முன்னால் விழுந்தது, சாளையும் காரலும்.

"இது எதுக்குத்தா?"

"கயிறு புடிச்ச கைக்கு" என்று நிமிராமலே சொல்லி, அந்த அம்மாள் அடுத்த கூறுக்குப் போய்விட்டார்.

அந்தக் குரலில் இரக்கம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். துளிகூட இல்லை. பக்கத்து ஆளுக்கு என்ன கூறோ, அதே கூறு. பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியம் கித்தேரியாள் வீட்டில் அந்த மீனையே குழம்பு வைத்து, மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். பிறகுதான் போன் செய்தார்.

"சம்சு, பதினெட்டாந் தேதி கன்னியாகுமரிக்கு வந்துரு."

"ஒருத்தரும் தூக்கலயா?"

"நேர்ல சொல்றேன். வையி."

அடுத்த மூன்று கரைகளிலும் துடுப்பைத் தலைக்கு மேலே உயர்த்தி, படகைப் பிடிக்க அவரே ஆள் கூப்பிட்டார். அடுத்து வந்த படகுகளுக்கு, மணலில் அமர்ந்து கயிறு பிடித்தார்.

பிப்ரவரி 18, காலை பத்து நாற்பது. கன்னியாகுமரிக் கரையில் துடுப்பு உயர்ந்தது. ஏழெட்டுப் பேர் கடலுக்குள் ஓடினார்கள். சம்சுதீன் பதறிப்போய்க் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"தூக்காதீகய்யா! தூக்குனா அந்தாளு கோவிச்சுக்கிட்டு ஊருக்குக் கெளம்பிருவாரு!"

"ஏலே கூறுகெட்டவனே!" படகிலிருந்து குரல் வந்தது. "நீயும் வந்து ஒரு கை புடிடா!"

சம்சுதீன் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கினார். பதினைந்து நாள், 268 கிலோமீட்டர் கடந்து வந்த படகு, கருத்தக்கண்ணனோடு சேர்ந்து எழுந்தது. உயர்த்திய துடுப்பை இறக்காமல், "இன்னுங் கொஞ்சம் மேல ஏத்துங்கப்பா, பின்னால அலை வருது!" என்று உத்தரவு போட்டுக்கொண்டே அவர் கரையேறினார்.