மணவாளன் மாமாவின் ஃபைவ் நைன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனால் ஃபேன் ஓடாது, சட்னியும் கிடையாது. எல்லாம் அக்கா புருஷன் மணவாளன் மாமாவின் உத்தரவு. அந்த நேரத்தில் அவர் ஹாம் ரேடியோவில், அதாவது செல்போன் டவர் இல்லாமலே வெளியூர் ஆட்களோடு பேசும் ரேடியோவில், பேசுவார். ஃபேன் காற்றும் மிக்சி இரைச்சலும் மைக்கில் விழக்கூடாதாம். வேர்த்து வடிந்துகொண்டு இட்லியைப் பொடியில் தொட்டுத் தின்னவேண்டும். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும். புஷ்பவள்ளி அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள்.

மாமா மோசமான ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். தானே புயலில் செல்போன்கள் செத்துப்போனபோது, குமராட்சியில் தன் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவித்தவர். அதற்கப்புறம்தான் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். கடலூர் கண்ணாயிரத்தையும் திருவதிகை கார்த்திகேசனையும் கூட உட்கார்த்திவைத்துப் படிக்கவைத்துப் பாஸாக்கினார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் கரையோர ஊர்களுக்குச் சேதி சொல்லும் குரல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் டிஜிட்டல் முறைக்கு மாறியதும் பித்துப் பிடித்துவிட்டது. இரைச்சலை நீக்க ஒரு சாஃப்ட்வேர், குரலைக் கனமாக்க ஒன்று, ஏற்ற இறக்கத்தைச் சமமாக்க இன்னொன்று. ஒவ்வொன்றையும் சேர்த்துவிட்டு ஆடியோ எப்படி என்று கேட்பார். ஃபைவ் நைன் என்று பதில் வரும். ஃபைவ் நைன் என்றால் முழு மார்க். கல்யாண வீட்டில் கேட்டால் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வோமே, அதுபோல ஹாம்காரர்கள் மரியாதைக்குச் சொல்வது அது. மாமா அப்படியே நம்பினார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு வெள்ள ஒத்திகை வைத்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று மாமா ஒரு சேதியை வாசித்தார். கண்ணாயிரமும் கார்த்திகேசனும் வழக்கம்போல ஃபைவ் நைன் கொடுத்தார்கள். அப்புறம் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. பெயர் இசைவாணி, பள்ளிக்கூட டீச்சர், லைசென்ஸ் வாங்கி அன்றைக்குத்தான் முதல் தடவை பேசுகிறாள்.

"சார், ஒரு வார்த்தையும் வெளங்கல."

மாமாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "மொதல்ல ஒன் செட்டப் பாரும்மா. நேத்து வந்துட்டு எங்கிட்டயே கொற சொல்ற. ஒழுங்கா கத்துக்கிட்டு அப்பறம் வா."

"ரிப்பீட் பண்ணுங்க சார்" என்றாள் அவள். திமிரைப் பார்த்தாயா என்று மாமா என்னிடம் பல்லைக் கடித்தார். உடனே செல்போனை எடுத்துக் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சேதியைத் திருப்பி வாசித்துக் காட்டு என்றார்.

செல்போனில் கண்ணாயிரம் இழுத்து இழுத்துச் சொன்னது எனக்கும் கேட்டது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளாவே நீங்க பேசறது எங்களுக்கு வெளங்கல. எங்கள ஆளாக்குனவரு நீங்க, எப்பிடிச் சொல்றது?"

நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்லும் வசதி ஒன்று டிஜிட்டல் ரேடியோவில் உண்டு. கிளி என்பார்கள். அது கத்துக்குட்டிகளுக்கு என்று மாமா தொட்டதே இல்லை. அன்றைக்குத் தொட்டார். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் கொளகொளவென்று ஒரு சத்தம் வந்தது. டிஜிட்டல் ரேடியோ குரலைப் பிழிந்துதான் அனுப்பும். மாமாவின் சாஃப்ட்வேர்கள் அதற்கு முன்பே பிழிந்து பிழிந்து வெறும் சக்கையை அனுப்பியிருக்கின்றன.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "நெசமாவே தண்ணி ஏறியிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்று என்னைக் கேட்டார். அக்கா இட்லியும் பொடியும் கொண்டுவந்து வைத்தாள். இந்தக் குரலுக்காகவா இவளை இத்தனை நாள் புழுக்கத்தில் போட்டு வாட்டினோம் என்று அவருக்குக் கூசியிருக்கவேண்டும். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த ஞாயிறு சாஃப்ட்வேர் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஃபேனை அவரே போட்டார். மிக்சியை ஓட்டு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார்.

"இசைவாணி டீச்சர், மணவாளன் பேசறேன். போன வாரம் ஒங்கள எல்லார் முன்னாடியும் திட்டுனது தப்பு. கோளாறு எங்கிட்டதான். மன்னிச்சுடுங்க."

"இப்ப நல்லா கேக்குது சார், மிக்சி ஓடறதுகூட. திட்டுனீங்களா? எனக்கு எதுவுமே வெளங்கலயே. என்ன சார் சொன்னீங்க?"

மழுப்பிவிடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். கண்ணாயிரமும் கார்த்திகேசனும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு பட்டனை அழுத்தினார். "மொதல்ல ஒன் செட்டப் பாரும்மா" என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லிமுடித்தார். குரல் அட்சரசுத்தமாகப் போனது. யாரும் ஃபைவ் நைன் சொல்லவில்லை.