எங்கள் வீட்டுக் கொடும்பாவி

சாணி, மூத்திரம், புளித்த கழுநீர் என்று எல்லா வாடைகளையும் மீறிக்கொண்டு, எங்கள் வீட்டுக் "கட்டுத்தரை"யில், அதாவது மாட்டுக் கொட்டகையில், தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் வாடை அடித்துக்கொண்டிருக்கும். அது சின்ன அப்பாருவின் வாடை. நாமக்கல் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவரை நாங்கள் அப்பாரு என்போம். அவருடைய தம்பி நாச்சிமுத்து எங்களுக்குச் சின்ன அப்பாரு. அவருக்கு மாடுகளோடுதான் படுக்கை, மாடுகள் தின்ற பிறகுதான் களி. ஆனாலும் தகரப்பெட்டியைத் திறந்து முகத்தில் மஞ்சள் பூசி, புருவம் தீட்டி, மயிலைக்காளையின் முன்னால் நின்று "மகாராஜனே, இந்த அபலையின் முறையீட்டைக் கேளும்!" என்று கை நீட்டினார் என்றால், அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் காளை தன்னையே பார்ப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அந்தக் காளையையும் வீட்டுப் பிள்ளைகளையும் விட்டால் அவருக்கு வேறு சபை கிடையாது.

மீசை முளைக்காத வயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டியோடு போனவர், அங்கே கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியோடு அப்படியே போய்விட்டாராம். குரல் இனித்தவரை ராணி வேஷம், உடைந்த பிறகு தோழி வேஷம், பல் விழுந்த பிறகு வாயிற்காவலன் வேஷம் என்று ஊர் ஊராகச் சுற்றி, கம்பெனி கலைந்தபின் தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். அதற்குள் அவர் பங்குக் காட்டில் அப்பாரு கிணறு வெட்டி மஞ்சள் நட்டாகிவிட்டது. தம்பி பங்கு கேட்கவில்லை. மாரியம்மன் பண்டிகையில் ஒரே ஒரு நாள் ஊர் முன்னால் நடிக்கவேண்டும் என்றுதான் கேட்டார். அதற்கு அப்பாரு சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "காட்டுக்காரன் ஊட்டுல பொறந்தவன் மூஞ்சீல மை பூசிட்டு ஆடுனா, நாளைக்கு எவன்டா என்ற பேச்சுக்குக் கட்டுப்படுவான்?"

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது மழை அறவே பொய்த்தது. கிணற்றில் தவளை செத்து நாறியது. கூரையில் வேய்ந்திருந்த பழைய சோளத்தட்டைக்கூடப் பிரித்து மாட்டுக்குப் போட்டார்கள். கொடும்பாவி இழுக்க வேண்டும் என்று ஊர் கூடிப் பேசியது. வைக்கோலில் ஓர் ஆள் உருவம் கட்டி, ஊரின் பாவமெல்லாம் அதன் தலையில்தான் என்று சொல்லித் தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் மாரடித்து அழ, எல்லைக்கு அப்பால் சுடுகாட்டில் கொளுத்திவிட்டால் மழை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் மாடு வாய் வைக்க ஒரு பிடி இல்லாத காலத்தில் பொம்மை கட்ட வைக்கோல் யார் கொடுப்பார்கள்? "பொம்மை எதுக்குங்க? நான் படுத்துக்கறனுங்க" என்று சின்ன அப்பாரு எழுந்து நின்றார். வைக்கோல் மிச்சம் என்பதால் அப்பாருவே தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கு அவர் வேஷம் கட்டிய அழகை எப்படிச் சொல்வது! கண்ணைச் சுற்றிக் கரி, உதட்டில் சிவப்பு, தலையில் சடை பிடித்த டோப்பா. மூங்கில் படலில் படுக்க வைத்துக் கால்களைக் கயிற்றால் கட்டி இழுத்தார்கள். சும்மா படுத்துக் கிடந்திருந்தால் பிழைத்திருப்பார். கோயில் முன்னால் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் கம்பெனி புகுந்துகொண்டது. பாதி உடம்பைத் தூக்கிக் கண்ணை உருட்டி, "கேளுங்கள் ஜனங்களே! பால் குடிக்கும் கன்றுக்கு அரளி அரைத்துக் கொடுத்த பாதகன் நான்! தாகத்துக்கு வந்தவனுக்கு விஷம் கலந்த தண்ணீர் வார்த்த சண்டாளன் நான்!" என்று முழங்கினார்.

திடீரென்று, போன மாதம் கன்றைப் பறிகொடுத்த மேலத்தெரு பாவாயி, "அட பாவி, என்ற கன்னைக் கொன்னவன் நீதானா!" என்று அலறிக்கொண்டு சீமாற்றோடு பாய்ந்தாள். வயிற்றுப்போக்கில் பிள்ளையை இழந்தவள் கல்லை எடுத்தாள். இவரோ உதடு கிழிந்து இரத்தம் வழிய, என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, இன்னும் இரண்டு பாவத்தைக் கூடச் சேர்த்துச் சொன்னார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சுடுகாட்டில் அவருக்குப் பதிலாக டோப்பாவையும் படலையும் கொளுத்தினார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களோடு வீட்டுக்குக் கிளம்பினார். எல்லைக்கல் பக்கத்தில் அப்பாரு கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"கொடும்பாவி எல்லை தாண்டுனா திரும்பி வரப்படாது."

"அண்ணா, அது நாடகமுங்க."

"ஊரு நம்பிருச்சுடா, நாச்சிமுத்து" என்றார் அப்பாரு. அவர் நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. பங்காளி இல்லாத காட்டுக்குத்தான் அவர் காவல் நின்றார்.

அந்த வாரமே மழை கொட்டியது. அதோடு சின்ன அப்பாருவின் கதை முடிந்தது. அவர் உள்ளே வந்தால் மழை நின்றுவிடும் என்று பச்சைப் பிள்ளையும் சொல்லியது. சுடுகாட்டுப் புளியமரத்தடியில் ஓலைக் குடிசை ஒன்று போட்டுக்கொடுத்தார்கள். எங்கள் பண்ணையாள் சாயங்காலம் எல்லைக்கல்லின்மேல் களி உருண்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். தகரப்பெட்டியைக் கேட்டு ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அந்த அரிதாரத்தைக் குழைத்து எங்கள் மாடுகளின் கொம்புக்குப் பூசினார்கள். நன்றாகத்தான் பளபளத்தது.

மறு வருஷமும் வானம் மூடிக்கொண்டது. இந்தத் தடவை வைக்கோல் கிடைத்தது, ஆனால் "ராசியான பாவி இருக்கறப்ப வைக்கோலை எதுக்கு வீணாக்கோணும்?" என்றார் அப்பாரு. ஊருக்குள் கூட்டி வந்துதானே வெளியே இழுக்க வேண்டும்? ஆள் போய்க் கூப்பிட்டதும் சின்ன அப்பாரு ஓடிவந்தார். முகத்தில் மை இல்லை, சிவப்பு இல்லை. குளித்துத் திருநீறு பூசியிருந்தார். புதுப் படலில் படுக்க வைத்துக் கோயில் முன்னால் இழுத்து வந்தார்கள். வருஷம் முழுக்க அவர் காத்திருந்தது, ஊர் கூடி நிற்கும் இந்த ஒரு நேரத்துக்காக என்று அவர் வாய் திறந்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

"நான் கொடும்பாவி இல்லீங்க. நாச்சிமுத்துங்க. போன வருசம் சொன்னதெல்லாம் கம்பெனிப் பேச்சுங்க. பாவாயி, உன்ற கன்னை நான் கண்ணுல கூடப் பாத்ததில்லை சாமி. அங்க நரி வருதுங்க, ஒத்தையில இருக்க முடியலீங்க. என்னை ஊட்டுக்கு உட்ருங்க."

இழுத்தவர்கள் நின்றுவிட்டார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாவாயி பக்கத்திலிருந்தவளிடம், "போன வருசம் என்னமோ பொஸ்தகத்துல இருக்கறாப்பல பேசுனாரு. இப்பப் பாரு, அப்படியே நம்மளாட்டப் பேசறாரு! என்னமா நடிக்கறாரு!" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சின்ன அப்பாரு அண்ணன் பக்கம் திரும்பினார். "காடும் உங்குளுது, கெணறும் உங்குளுது. கட்டுத்தரையில ஒரு மூலை போதுமுங்கண்ணா."

நாடகம் என்ற பேச்சை எடுத்தாலே காறித் துப்பும் அப்பாரு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, "சபாஷ்!" என்றார்.

அவ்வளவுதான். ஊரே தட்டியது. குழந்தைகள் துள்ளித் துள்ளித் தட்டின. எந்த மேடையில் பழகிய பழக்கமோ, சின்ன அப்பாரு படலில் கிடந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்துச் சபைக்குக் கும்பிடு போட்டார். இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. சித்திரை மாதத்தில் எல்லைக்கல்லின்மேல் வைத்த களி எடுப்பாரில்லாமல் காய ஆரம்பித்தது. நான்கைந்து உருண்டை சேர்ந்த பிறகுதான் போய்ப் பார்த்து, இருந்த இடத்திலேயே எரித்துவிட்டு வந்தார்கள்.

இப்போது எங்கள் பக்கத்தில் கொடும்பாவி இழுப்பதில்லை; சொன்னால் பேரப்பிள்ளைகளுக்குப் புரிவதும் இல்லை. புளியமரம் இருந்த இடத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. அப்பாருவின் கிணறு தூர்ந்துவிட்டது. போன மாதம் என் பேத்தி பள்ளிக்கூட நாடகத்தில் ராணி வேஷம் போட்டாள். திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மட்டும் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏன் ஆயா, நான் நல்லா நடிக்கலையா?" என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.