இரண்டு பேருக்கும் ஒரே பெட்டகம்

பெரியவள் வீட்டிலிருந்தே ஒரு மருத்துவமனைக்கு வேலை செய்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலை ஒன்பதுக்கு ஹெட்போனை மாட்டினால் மாலை ஐந்து வரை மூட்டுவலி, மூச்சிரைப்பு, முழங்கால் என்று தட்டித் தள்ளுவாள். விரல்கள் பறக்கும், கணினி ஞானம் மட்டும் சுத்தப் பூஜ்யம். அதையெல்லாம் தங்கைதான் பார்த்துக்கொண்டாள். "இனிமே வைரஸ் கிரஸ்னு என் உயிரை வாங்காதேக்கா" என்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

அந்தத் தங்கை பேச்சை முறித்துக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் சின்னவளுக்கு வெளியூரில் வேலைத் தேர்வு. "அவளைத் தொந்தரவு பண்ணாதேம்மா, முடிச்சுட்டு வரட்டும்" என்றார் அப்பா. பெரியவள் அந்தப் பேச்சைக் கேட்டாள், போன் செய்யவில்லை. தேர்வு முடிய ஒரு நாள் இருக்கும்போது அப்பா போய்விட்டார். வந்தவள் அழவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பெட்டியைக் கட்டினாள். அடுத்த வாரமே அவள் நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கணினி ஆமையாய் நகர, பெரியவள் அலுவலக உதவி எண்ணை அழைத்தாள். எதிர்முனைப் பெண், உள்ளே ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள்.

"இதைத்தான் நிறுத்தணும் மேடம், இதான் அடைச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல வாசிச்சீங்களே, அதைத் தொடாதீங்க. அது பாஸ்வேர்ட் மேனேஜர், உங்க பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கிற பெட்டகம்."

"நான் அப்படி எதுவும் போடலையேம்மா. கம்ப்யூட்டரே ஞாபகம் வெச்சுக்குதுன்னுல்ல நினைச்சேன்!"

"இல்ல மேடம், அதுதான் பின்னாடி சத்தமில்லாம ஓடிட்டு இருக்கு. சில லினக்ஸ்ல அதோட ஐகான்கூடக் கண்ணுல படாது."

போனை வைத்துவிட்டு அதைத் திறந்தாள். அவளுடைய மருத்துவமனைத் தளம், மின்கட்டணம் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே அவளுக்குத் தெரியாத பெயர்கள்: ஏதோ ஒரு நூலகம், ஒரு கண் மருத்துவமனை, ஒரு நீச்சல் குளம். கடைசி மாற்றம், நேற்றுக் காலை 7.12.

சின்னவள் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கைத்தான் திறந்திருந்தாள். அவள் எங்கே உட்கார்ந்து எதைச் சேர்த்தாலும் அது இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது, நாலு வருஷமாக.

தண்ணீரைக் கண்டாலே ஓடுவாளே, நீச்சலா? கண்ணுக்கு என்ன வந்தது? ஒரு சொடுக்கில் தங்கையின் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைந்துவிடலாம். கை அந்தப் பக்கம் போகவில்லை. பெயர்களை மட்டும் தினமும் காலையில் பார்த்தாள். புதிதாக ஒன்று சேர்ந்த அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் போனது. இதுவும் ஒருவிதமான ஒட்டுக்கேட்புதானே என்று மனசு உறுத்த ஆரம்பித்தது. புதுப் பதிவு ஒன்றைத் திறந்து 'அக்கா' என்று பெயர் வைத்தாள். குறிப்பு எழுதும் இடத்தில் தட்டினாள்: "உன் பெயர்களெல்லாம் இங்கே தெரியுது. பாஸ்வேர்ட் எதையும் நான் பார்க்கலை. அப்பா வேண்டாம்னு சொன்னார், அவர் பேச்சை நான் கேட்டிருக்கக் கூடாது. கண்ணுக்கு என்னடி?"

ஒன்பதாம் நாள் பட்டியல் இளைத்துப் போயிருந்தது. நூலகம் இல்லை, கண் மருத்துவமனை இல்லை, நீச்சல் குளம் இல்லை. சின்னவள் தன்னுடையதையெல்லாம் வேறெங்கோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியவள் பட்டியலை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் கவனித்தாள், 'அக்கா' மட்டும் அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி கூடியிருந்தது: "கண்ணாடி போட்டாச்சு. பேச இன்னும் மனசு வரலை. இதை அழிக்க மாட்டேன், நீயும் அழிக்காதே."

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் பெரியவள் அதில் ஒரு வரி எழுதுகிறாள். மாடி வீட்டுக்காரர் காலி செய்தது, தன் தலை நரைத்தது, இப்படி. பதில் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

போன வாரம் வந்தது: "அப்பா குரல் எதிலாவது பதிவாயிருக்கா?"

பெரியவள் பழைய போன், கணினி, அலமாரியில் கிடந்த டப்பாக்கள் என்று இரண்டு நாள் தேடினாள். எங்குமே இல்லை.

"இல்லடி," என்று எழுதினாள். "எனக்கும் கேக்கணும்போல இருக்கு."