அக்கா மாற்ற மறுத்த முடிவு

இந்த மலர் கைக்கு வந்ததும் உங்களில் பாதிப் பேர் பதிகங்களைத் தாண்டிக் கதைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். அக்காவின் ஓராண்டு நினைவு மலரில் அந்தக் கதையைப் போடலாமா கூடாதா என்று கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை சொந்தங்களுக்குள் பேச்சு நடந்திருக்கிறது. போட்டிருக்கிறேன். ஏன் என்பதை உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சாலாக் செலாத்தானில். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா காலமானபோது அக்கா அப்போதுதான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தார். மேலே படிக்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பங்சாரில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். பிறகு கிள்ளானுக்குக் குடிவந்தோம். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பார், பதில் கொடுக்கமாட்டார்.

ஒரு தமிழ்ப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குப் பல ஆண்டுகள் கதை எழுதினார். "பிள்ள இல்லாதவளுக்குப் பிள்ளைங்களப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒரு கல்யாண விருந்தில் ஓர் அம்மையார் கேட்டார். "நான் பிள்ளையா இருந்திருக்கேன்லா ஆன்டி" என்றார் அக்கா. அந்த அம்மையாரும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

இளையோருக்கு எழுத ஆசைப்பட்டு அக்காவிடம் வந்தவர்கள் அநேகர். அவர்கள் கொண்டுவரும் கதை பெரும்பாலும் சேவல் கூவி, கிழக்கு வெளுத்துத்தான் தொடங்கும். "நம்ம ஃபிளாட்டுல எந்தச் சேவல் கூவுது? லோரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தந்தான் கேக்குது. அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சின, அதுல ஆரம்பிங்க" என்பார். கதையில் பிள்ளை மாட்டிக்கொண்ட நேரத்தில் ஆசிரியரோ சித்தப்பாவோ வந்து காப்பாற்றினால், தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். தப்போ சரியோ, அந்தப் பிள்ளையே ஒரு வழி பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி.

தம் கதைகளுக்கும் அவர் சலுகை காட்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்து வாசிப்பார். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கவே மாட்டார். மைலோ கலக்கிக் கொடுத்த வீட்டில் நம் பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். "அப்புறம் என்னாச்சு ஆன்டி?" என்று யாராவது பின்னாலேயே வந்தால் கதை பிழைத்தது. டிவியைப் போட்டுவிட்டார்கள் என்றால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது, எனக்குத்தான் வயிறு எரியும்.

கடைசியில் நீதி என்று ஒரு வரி சேர்ப்பது அவருக்கு ஆகவே ஆகாது. "முழுக் கதையையும் படிச்ச பிள்ளைக்குப் புரியாததா அந்த ஒத்த வரியில புரியப்போவுது?" என்பார்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த நாள்களில், அவர் கதைகளைத் தொகுத்து வெளியிட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். அதுவரை அக்கா பெயரில் ஒரு புத்தகம்கூட வந்ததில்லை. எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதிதாக எழுதிய கதையின் முடிவை மாற்றவேண்டும் என்றார் பதிப்பாளர். வீட்டுக்குத் தெரியாமல் பள்ளிக் கால்பந்துக் குழுவில் சேரும் ஒரு பெண்ணின் கதை அது. அவள் காலில் மாட்டி ஆடும் சப்பாத்தை அப்பா குப்பையில் வீசுகிறார். அவள் தோழியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆடப் போகிறாள். வீடு திரும்பி, அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

அக்காவின் கையில் ஊசி ஏறியிருந்ததால் நான்தான் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். "கடைசியில அப்பா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டா போதும் மேடம், உடனே அச்சுக்குப் போயிடலாம்."

"அவ விழமாட்டா பாஸ்."

"நீங்க எழுதினா விழுவா மேடம்."

"நான் எழுதமாட்டேன்."

புத்தகம் வரவில்லை. புத்தகம் இல்லாமலேயே அக்கா போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

இந்த மலருக்கு நான் அந்தக் கதையைக் கொடுத்ததும் எங்கள் மாமா போனில் கூப்பிட்டார். "சாமி பாட்டு இருக்கிற புத்தகம்மா. அப்பன எதுத்துக்கிட்டுப் போற கதைய எப்படிப் போடுறது? நாலு வரி சேத்து மன்னிப்புக் கேக்க வெச்சிடு. உன் அக்கா இப்ப வந்து பாக்கவா போறா?"

"அதனாலதான் மாமா தொடமாட்டேன்" என்றேன்.

"அப்படியே அவள மாதிரியே பேசுற" என்று போனை வைத்துவிட்டார். திட்டத்தான் சொன்னார், எனக்கு இனித்தது.

டயாலிசிஸ் நிலையத் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஈமக்கிரியைகளை நடத்திவைத்த குருக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மழையானாலும் ஜாம் ஆனாலும் அக்காவை நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்தவர் அதே மாமாதான். அவருக்கு நான் என்ன நன்றி சொன்னாலும் போதாது. வேறு எதைக் கேட்டாலும் செய்வேன் மாமா. ஆனால் அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்க வைக்கும் உரிமை அக்கா ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் கேட்க வைக்கவில்லை.